பாறையும் மணலும் கலந்த கரையில் சர்ஃபிங்: கோவளம் முதல் மாமல்லபுரம் வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைக்குத் தெற்கே ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) ஓரக் கடற்கரை பெரும்பாலும் மணல்தான். ஆனால் நடுநடுவே இயற்கைப் பாறை, கருங்கல் கொட்டிக் கடலுக்குள் நீட்டிய சுவரான தூண்டில் வளைவு, மழைக்காலத்தில் வாய் திறக்கும் முகத்துவாரம் என்று ஏதாவது ஒன்று குறுக்கே வரும். ஓரளவு சர்ஃப் செய்யப் பழகி, இனி பயிற்சியாளர் கூட வராமல் தாங்களே கடலைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியவர்களை மனதில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன. போர்டை இன்னும் தொடாதவர்களுக்கான கேள்விகள் பின்பகுதியில் உள்ளன.

நேற்று அருமையாக இருந்த இடத்தில் இன்று ஏன் அலையே இல்லை?

மூன்று விஷயம் ஒரே நேரத்தில் கூடி வர வேண்டும். தூரக் கடலில் பிறந்து உருண்டு வரும் அலைவரிசையான ஸ்வெல், அதைக் கலைக்காத காற்று, அது ஏறி உடைவதற்கு அடியில் ஒரு மேடு. முதல் இரண்டும் எல்லாக் கரைக்கும் பொது. இந்தப் பக்கத்தில் தலைவலி மூன்றாவதுதான்.

பாறை இடம் மாறாது, மணல் மாறிக்கொண்டே இருக்கும். பொதுவாக ஓர் அலை தன் உயரத்தைப் போல ஏறக்குறைய 1.3 மடங்கு ஆழத்துக்கு வந்ததும் உடைகிறது. 1 மீட்டர் அலைக்கு 1.3 மீட்டர் தண்ணீர். மணல் திட்டு ஒரு முழம் கரைந்தாலே அதே அலை அங்கே உடையாமல் வழுக்கிக்கொண்டு போய் கரையோரத்தில் மொத்தமாகக் கவிழும். திட்டு சரிவாக இருந்தால் அலை ஒரு முனையில் உடையத் தொடங்கி ஓரமாக ஓடும், அதில்தான் சறுக்க முடியும். திட்டு கரைக்கு இணையாக நேர்கோடாகப் படிந்துவிட்டால் நூறு மீட்டர் நீளமும் ஒரே சமயத்தில் விழும். உயரம் இருக்கும், ஓட இடம் இருக்காது.

மணல் ஏன் இப்படி அலைகிறது? சோழமண்டலக் கரையில் மார்ச் தொடங்கி அக்டோபர் வரை கரையோர நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே மணலைத் தள்ளுகிறது. வடகிழக்குப் பருவக்காற்றில் அது திரும்புகிறது. மீனவர்கள் தெற்கேயிருந்து வரும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும், வடக்கேயிருந்து வருவதை வன்னி என்றும் சொல்வார்கள். ஆண்டு முழுவதும் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். 19ஆம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகத்தின் சுவர் கடலுக்குள் நீண்ட பிறகு அதன் தெற்கே மெரினா அகலமானதும், வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் கரை அரிக்கப்பட்டதும் இதனால்தான். சின்ன அளவில் ஒவ்வொரு தூண்டில் வளைவிலும் அதே கதை நடக்கிறது: தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் குழியும்.

அலை முன்கணிப்புச் செயலி 1.2 மீட்டர் என்று காட்டுகிறது. போய்ப் பார்த்தால் முட்டி அளவுகூட இல்லையே?

செயலிகள் காட்டுவது ஆழ்கடல் கணக்கு. உங்கள் கால் அடியில் உள்ள மணல் திட்டைப் பற்றி அவற்றுக்கு ஒன்றும் தெரியாது. உயரத்தை மட்டும் பார்த்து வண்டி எடுப்பதுதான் இங்கே எல்லோரும் செய்யும் தவறு. உயரத்தோடு இடைவெளியையும் திசையையும் சேர்த்துப் படியுங்கள்.

இடைவெளி என்பது ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள விநாடிகள். அதை அதனாலேயே பெருக்கி 1.56ஆல் பெருக்கினால் ஆழ்கடலில் அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். 6 விநாடி அலைக்கு 56 மீட்டர், 14 விநாடி அலைக்கு 306 மீட்டர். அலை தன் நீளத்தில் பாதி ஆழத்துக்கு வரும்போதே தரையை உணரத் தொடங்கும் என்பதால், 6 விநாடி அலை 28 மீட்டர் ஆழத்திலும், 14 விநாடி அலை 150 மீட்டர் ஆழத்திலேயும் வளையவும் திரளவும் ஆரம்பிக்கின்றன. அதனால் 0.8 மீட்டர், 13 விநாடி என்ற நாள் பாறை முனையைச் சுற்றி அழகாக வரும். 1.2 மீட்டர், 6 விநாடி என்பது உள்ளூர்க் காற்று கிளப்பிய கொந்தளிப்பு. அதில் நனையலாம், அவ்வளவுதான்.

திசையில் இலங்கையை மறக்கக் கூடாது. தென்கடலில் பிறந்து நேர் தெற்கிலிருந்து வரும் ஸ்வெல்லின் பெரும்பகுதியை அந்தத் தீவு மறைத்துக்கொள்கிறது. அதன் கிழக்கு முனையைத் தாண்டி வருவதுதான் நமக்கு. கோவளத்திலிருந்து பார்த்தால் அந்த முனை வடக்கிலிருந்து வலச்சுற்றாக ஏறத்தாழ 165 பாகையில் இருக்கிறது. செயலியில் திசை எண் 130 முதல் 165க்குள் இருந்தால் நம்பிக் கிளம்பலாம். 185, 190 என்றால் பாறைகளைச் சுற்றி வளைந்து வரும் மிச்சம் மட்டுமே கிடைக்கும்.

ஆண்டில் எந்த மாதங்கள் நல்லவை?

ஜூன் முதல் செப்டம்பர் வரை. தென் அரைக்கோளத்தில் குளிர்காலம் என்பதால் ஸ்வெல் தொடர்ந்து பிறக்கிறது. இங்கே தென்மேற்குப் பருவக்காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசி அலையின் முகத்தைச் சீவி நிறுத்துகிறது. 2025இல் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் மாமல்லபுரத்தில் ஆகஸ்டில் நடந்ததை இதோடு பொருத்திப் பாருங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் ஸ்வெல் வரும். ஆனால் தெற்குக் காற்று காலையிலேயே எழுந்து பக்கவாட்டில் அடிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடை. உயரம் அதிகம், ஒழுங்கு குறைவு, வன்னி ஓட்டம் பலம், மழைநீர்க் கழிவு, போதாக்குறைக்குப் புயல். 2022 டிசம்பரில் மாண்டஸ் கரையைக் கடந்தது மாமல்லபுரம் அருகே. அப்படி ஒரு புயல் போன பிறகு, முந்தைய மாதங்களில் நீங்கள் பழகிய திட்டு எதுவும் பழைய இடத்தில் இருக்காது. கரையைப் புதிதாகப் பார்ப்பது போலப் பாருங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை கடல் பெரும்பாலும் தூங்கும், கற்றுக்கொள்கிறவர்களுக்கு அது வசதி.

எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

விடியும்போது. தென்மேற்குப் பருவத்தில் இரவு முழுக்க வீசும் கரைக்காற்று காலை வரை நீடிக்கும். வெயில் ஏறி நிலம் சூடானதும், பெரும்பாலும் 11 மணிக்கும் 1 மணிக்கும் இடையில், கடற்காற்று உள்ளே நுழையும். நகரத்துக்கு அது வரம், அலைக்குச் சாபம். ஜூனில் சூரியன் 5.45 மணிக்கு முன்பே எழுந்துவிடும் என்பதால் 5.30க்குக் கரையில் நின்றால் நான்கு மணி நேரம் உறுதி. மேற்குக் காற்று வலுவான நாளில் கடற்காற்று பிற்பகல் வரை தாமதிக்கும். அந்த நாளை விடாதீர்கள்.

ஏற்றவற்றம் இங்கே குறைவுதானே, பார்க்க வேண்டுமா?

அலைக்காகப் பார்க்காவிட்டாலும் பாறைக்காகப் பார்த்தே ஆக வேண்டும். சென்னையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சுமார் 1 மீட்டர் வித்தியாசம். அட்டமியை ஒட்டி அதில் பாதிகூட இருக்காது. குஜராத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் உங்கள் அலை உடையும் ஆழமே 1.3 மீட்டர்தான் என்பதை நினைவில் வைத்துக் கணக்குப் போடுங்கள். ஏற்றத்தில் இடுப்பளவு நீர் மூடியிருந்த பாறை, ஆறு மணி நேரத்தில் கணுக்கால் அளவு நீருக்கு வந்துவிடும்.

ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். நடு இரண்டு மணி நேரத்தில்தான் நீர்மட்டம் வேகமாக மாறும். ஆறு மணி நேர வற்றத்தில் மொத்த இறக்கத்தில் பாதி, மூன்றாவது நான்காவது மணி நேரங்களில் நிகழ்ந்துவிடும். பாறையுள்ள முனையில் பாதி வற்றத்துக்குப் பிறகு இறங்காமல், ஏறுமுகத்தில் இறங்குவதே நல்லது. ஏறும்போது நீங்கள் உள்ளே இருக்க இருக்க அடியில் தண்ணீர் கூடும். வற்றும்போது யாரும் சொல்லாமலே அது குறைந்துகொண்டிருக்கும்.

பாறை எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சர்ஃப் செய்யாத ஒரு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள். அமாவாசை அல்லது பௌர்ணமிக்கு மறுநாள், கடல் சிறிதாக இருக்கும்போது, உச்ச வற்றத்துக்கு அரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள். வெளியே தலைகாட்டும் ஒவ்வொரு பாறையையும் கரையில் உள்ள அசையாத இரண்டு பொருள்களோடு ஒரே கோட்டில் நிறுத்திக் குறித்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒரு மின்கம்பம், பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி, இப்படி. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தால் நீங்கள் அந்தப் பாறைக்கு நேர் எதிரே இருக்கிறீர்கள். கடலுக்குள் வலைபோட்ட இடத்தை மீனவர்கள் மறக்காமல் வைத்திருப்பதும் இந்த முறையில்தான். போட்டோ எடுத்தால் நீர்மட்டம் எவ்வளவு என்பதையும் நேரத்தோடு எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் அந்தப் படத்தால் பயனில்லை.

தண்ணீர் மூடியிருக்கும்போது அலையே காட்டிக்கொடுக்கும். செட் (அடுத்தடுத்து வரும் பெரிய அலைகளின் கூட்டம்) வருவதற்குச் சற்று முன் அலையின் அடியிலிருந்து நீர் பின்னுக்கு உறிஞ்சப்படும். அந்த நொடியில் மேற்பரப்பில் எண்ணெய் தடவியது போல வழவழப்பான வட்டம் ஒன்று எழுந்து சுழன்றால், அதன் கீழே பாறை நிற்கிறது. மணல் இருக்கும் இடத்தில் உடைந்த நீர் பழுப்பாகும். பாறை மேல் உடைந்தால் நுரை வெள்ளையாகவே இருக்கும், நடுவில் கரும்பச்சைத் திட்டு தெரியும். ஒவ்வொரு செட்டிலும் அங்குலம் பிசகாமல் ஒரே இடத்தில் ஓர் அலை எகிறி விழுகிறது என்றால் அதைத் திட்டு என்று நினைத்து அருகே போகாதீர்கள்.

நீருக்குள் இறங்கும் முன் எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும்?

குறைந்தது 20 நிமிடம். பெரிய செட்கள் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறைதான் வரும் நாள்கள் உண்டு. ஐந்து நிமிடம் பார்த்து இறங்குகிறவர் பார்த்தது இடைவேளையை மட்டுமே.

பார்க்க வேண்டியவை: எங்கே முதலில் உடைகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே உடையவே இல்லை. தென்கிழக்கு ஸ்வெல் ஒரு முனையில் பட்டு வடக்கே ஓடும்போது, கரையை நோக்கி வரும் சர்ஃபருக்கு அது வலப்பக்க அலை. கோவளத்திலும் கடற்கரைக் கோயில் அருகிலும் பேர்பெற்றவை இந்த வலப்பக்க அலைகளே. வாடைக் காலத்தில் அதே கரை இடப்பக்க அலைகளைத் தரும். பிறகு ஒரு தேங்காய் மட்டையை எறிந்து ஒரு நிமிடத்தில் எத்தனை அடி நகர்கிறது என்று பாருங்கள். உங்கள் நடையின் வேகத்துக்கு மட்டை ஓடினால் இன்று வேண்டாம்.

கடைசியாக, வெளியே வரும் வழி. உள்ளே போவதற்கு எல்லோரும் திட்டம் போடுவார்கள். களைத்துப் போய், காலையும் போர்டையும் இணைக்கும் கயிறான லீஷ் அறுந்து, போர்டு இல்லாமல் நீந்தி வந்தால் நீரோட்டம் உங்களை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்? அந்த இடத்தில் மணல் இருந்தால் இறங்கலாம். கருங்கல் இருந்தால் நீரோட்டத்துக்கு எதிர்த்திசையில் நூறு மீட்டராவது நடந்து போய் இறங்குங்கள்.

தூண்டில் வளைவின் ஓரமாக இழுப்பு இருக்கிறதாமே?

இருக்கிறது. தெண்டி ஓட்டத்தின்போது கரையோரமாக வடக்கே வரும் நீர் கற்சுவரில் முட்டி, போக வழியின்றிச் சுவரை ஒட்டியே கடலுக்குள் திரும்புகிறது. ஆகவே ஜூன் முதல் செப்டம்பர் வரை சுவரின் தெற்குப் பக்கத்தில் இழுப்பு பலம். வடக்குப் பக்கம் சுவரின் மறைவில் நீர் சுழன்று அங்கேயும் ஒரு சிறிய இழுப்பு உண்டாகலாம். வன்னி ஓடும்போது பக்கம் மாறும். அலை உடையாமல், மேற்பரப்பு நெளிந்து, நுரையும் குப்பையும் கடலை நோக்கிப் போகும் இடம் எதுவோ அதுதான் வாய்க்கால்.

தேர்ந்தவர்கள் அந்த வாய்க்காலையே பயன்படுத்தி மெனக்கெடாமல் வெளியே போய்ச் சேருகிறார்கள். அது அவர்களுக்குச் சரி. மாட்டிக்கொண்டவர் செய்ய வேண்டியது: போர்டை விடாதீர்கள், அதுதான் மிதவை. கரையை நோக்கி எதிர்த்துத் துழாவாதீர்கள். கற்சுவர் இல்லாத பக்கமாக, கரைக்கு இணையாகத் துழாவி, அலை உடைகிற இடத்துக்கு வந்து, நுரையோடு படுத்தபடியே உள்ளே வாருங்கள். முடியவில்லை என்றால் போர்டில் உட்கார்ந்து ஒரு கையை உயர்த்தி ஆட்டுங்கள். இழுப்பு ஒருவரை வெளியே கொண்டுபோகுமே தவிரக் கீழே இழுக்காது. ஆளை அடிப்பது பயமும் களைப்பும்தான்.

கற்களின் மேல் ஏறிக் குதித்து உள்ளே போகலாமா?

வேண்டாம். கொட்டிய கருங்கல் இயற்கைப் பாறை போல உறுதியானது அல்ல. சில கற்கள் ஆடும், இடுக்கில் கால் போனால் அடுத்த அலை வருவதற்குள் எடுக்க முடியாது. நீர்மட்டத்துக்குக் கீழே கொட்டலசு என்ற ஓட்டுயிரியும் ஆளி என்ற சிப்பியும் ஒட்டிக்கொண்டிருக்கும், அவற்றின் விளிம்பு பிளேடு மாதிரி. மணல் வழியே போனால் கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும், அவ்வளவே.

எந்த போர்டு வாங்குவது?

ஈசிஆர் அலை பெரும்பாலான நாள்களில் வலுவற்றது. படங்களில் பார்த்த மெல்லிய 6 அடி போர்டு ஆண்டில் சில வாரங்களுக்கே உதவும். 70 கிலோ எடையுள்ளவர் கற்றுக்கொள்ள, மேல்பரப்பு மென்மையான 8 அடி ஃபோம் போர்டு. நின்று திரும்பப் பழகிய பிறகு 7 முதல் 7.5 அடி வரையுள்ள அகலமான போர்டு. பாறைப் பக்கம் போகிறவர்களுக்கு ஃபோம் போர்டைவிட நல்லது இல்லை, அதில் கௌரவக் குறைச்சலும் இல்லை.

ஃபின் (போர்டின் அடியில் நிற்கும் துடுப்பு) கழற்றி மாட்டும் வகையாக இருக்கட்டும். பாறையில் இடித்தால் பிளாஸ்டிக் ஃபின் வளையும் அல்லது உடையும், அது சில நூறு ரூபாய்ச் செலவு. விறைப்பான கண்ணாடியிழை ஃபின் உடையாமல் நின்று, போர்டில் பதிந்திருக்கும் பெட்டியைப் பிய்த்துக்கொண்டு வரும். கால் வழுக்காமல் இருக்க போர்டின் மேல் தேய்க்கும் வாக்ஸ் வெப்பமண்டல வகையே வாங்குங்கள். இங்கே கடல்நீர் ஆண்டு முழுக்க ஏறத்தாழ 26 முதல் 30 டிகிரி. குளிர்நீர் வாக்ஸ் வழிந்தோடிவிடும். குளிர்நீர் உடையான வெட்சூட் தேவையில்லை, உடலோடு ஒட்டிய முழுக்கைச் சட்டையான ரேஷ்கார்டு போதும். வெயிலுக்கும் சொறிக்கும் (ஜெல்லிமீன்) அதுவே கவசம். பாறை முனையில் இலகுவான ஹெல்மெட் போடுவதைப் பார்த்து யாரும் சிரித்தால் சிரிக்கட்டும்.

லீஷ் பாறையில் சிக்கினால்?

இழுக்காதீர்கள். இழுக்க இழுக்க முடிச்சு இறுகும். உடலைக் கணுக்கால் பக்கம் மடக்கி, பட்டையின் ஓரத்தில் உள்ள நாடாவைப் பிடித்து ஒரே இழுப்பில் பிரித்துவிடுங்கள். போர்டு போனால் போகட்டும். இதை வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு இரு கையாலும் செய்து பழகுங்கள், ஏனென்றால் நுரைக்குள் எதுவும் தெரியாது. நாடா வெளிப்புறமாகப் பார்த்திருக்குமாறு பின்காலில் கட்ட வேண்டும். லீஷின் நீளம் போர்டின் நீளத்துக்குச் சமம். அதிகமானால் சிக்கும், குறைந்தால் போர்டு திரும்பி வந்து முகத்தில் அடிக்கும். வெட்டுப்பட்ட லீஷை ஒட்டுப்போட்டுக் கட்டுவதைவிடக் கட்டாமல் இருப்பது மேல். அதை நம்பித்தான் தூரம் போவீர்கள்.

ஆழமில்லாத இடத்தில் எப்படி விழுவது?

தட்டையாக. முதுகோ பின்புறமோ நீரில் படும்படி, கை கால்களை விரித்து விழுந்தால் ஒரு முழ ஆழத்துக்கு மேல் போக மாட்டீர்கள். தலைகீழாகப் பாய்வது கழுத்தெலும்புக்கு ஆபத்து. நேராகக் கால் ஊன்றுவது கணுக்காலுக்கு ஆபத்து. விழுந்ததும் இரு கையாலும் தலையின் பின்புறத்தை மூடி, மெதுவாக மேலே வந்து, முதலில் கையைத்தான் நீட்டுங்கள். உங்கள் போர்டு அங்கேதான் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கும்.

இறங்கி நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்துக்கொண்டே போங்கள். மணலில் புதைந்திருக்கும் திருக்கை அந்த அதிர்வில் விலகிவிடும்.

அடிபட்டால் உடனே என்ன செய்வது?

பாறை, கொட்டலசு கிழித்த காயம் சின்னதாகத் தெரியும், மூன்றாம் நாள் வீங்கும். உள்ளே தங்கும் துகள்தான் காரணம். குடிநீரும் சோப்பும் போட்டு, வலித்தாலும் தேய்த்துக் கழுவுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை ஆண்டாயிற்று என்று பாருங்கள். திருக்கை குத்தினாலும் கடல் முள்ளெலியின் முள் ஏறினாலும், தோல் வெந்துவிடாத அளவு சூடான நீரில், சுமார் 45 டிகிரி, அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்தால் வலி தணியும். சூட்டை அடிபடாத கையால் சோதித்த பிறகே வையுங்கள். திருக்கையின் முள் மார்பிலோ வயிற்றிலோ இறங்கியிருந்தால் பிடுங்காமல் அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

சொறி பட்டால் நன்னீரும் வேண்டாம், மணலால் தேய்க்கவும் வேண்டாம், சிறுநீர் வைத்தியமும் வேண்டாம். கடல்நீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளை இடுக்கியால் எடுத்து, பிறகு சூடான நீர். மூச்சு வாங்கினால் 108.

தலையிலோ கழுத்திலோ அடிபட்டவரை நடக்க விடாதீர்கள். நீரில் மூழ்கி எடுத்தவருக்கு மூச்சு இல்லை என்றால், வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றும் பழக்கத்தை விட்டுவிட்டு, முதலில் வாயோடு வாய் வைத்து இரண்டு முதல் ஐந்து முறை ஊதுங்கள். பிறகு மார்பில் 30 அழுத்தம், 2 ஊதல் என்று ஆம்புலன்ஸ் வரும்வரை. கடலுக்குள் ஆள் காணவில்லை என்றால் கடலோரக் காவல் படையின் எண் 1554.

மீனவர்களோடு எப்படி நடந்துகொள்வது?

கடல் அவர்களுடைய வேலை இடம். காலை 6 முதல் 9 வரை ஃபைபர் படகுகள் கரையேறும். ஓர் அலையின் முதுகில் ஏறி, மோட்டாரை முழு வேகத்தில் வைத்து மணலில் ஏற்றுவார்கள். நடுவில் நிறுத்தவோ திருப்பவோ முடியாது. பாதை அவர்களுடையது, விலக வேண்டியது நீங்கள். படகு உங்களைப் பார்த்து வருவது போலத் தெரிந்தால் அலையைக் கைவிட்டு ஓரமாகத் துழாவுங்கள். கரைவலை இழுக்கும் நாளில் இரண்டு வடங்கள் கடலுக்குள் நீளும். அவற்றுக்கு நடுவே இறங்கவே கூடாது. மிதவைப் பந்துகள் வரிசையாகத் தெரிந்தால் கீழே வலை இருக்கிறது, லீஷும் ஃபினும் மாட்டும்.

இறங்கும் முன் கரையில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் பெரியவரிடம், “அண்ணே, தண்ணி எப்படி ஓடுது?” என்று கேளுங்கள். எந்தச் செயலியிலும் கிடைக்காத பதில் வரும். அவர் இன்று வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

ஒரே அலைக்கு இரண்டு பேர் துழாவினால் யாருக்கு?

உடையும் முனைக்கு யார் அருகில் இருக்கிறாரோ அவருக்கு. மற்றவர் பின்வாங்க வேண்டும். ஊர்ப் பிள்ளைகள் அதிகம் இருக்கும் இடத்தில் முதல் அரை மணி நேரம் ஓரமாக உட்கார்ந்திருப்பது மரியாதை மட்டுமல்ல, அவர்கள் எந்தப் பாறையைத் தவிர்க்கிறார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

மெரினாவிலோ பெசன்ட் நகரிலோ செய்யலாமே, எதற்கு அவ்வளவு தூரம்?

அங்கே கரை செங்குத்தாக இறங்குகிறது. அலை கரையோரத்திலேயே கவிழ்ந்து, வந்த வேகத்தில் திரும்ப இழுக்கிறது. ஆண்டுதோறும் உயிர்கள் போகின்றன, காவல்துறை குளிக்கவே விடுவதில்லை. கூவமும் அடையாறும் கலக்கும் நீர் வேறு. கோவளத்தில் நீலக்கொடிச் சான்று பெற்ற பகுதி இருக்கிறது, உயிர்காப்பாளர்கள் உண்டு. ஆனால் அது குளிப்பவர்களுக்கான இடம், போர்டோடு அதற்குள் போகக் கூடாது.

பெரிய மழைக்குப் பிறகு?

மூன்று நாள் இறங்காதீர்கள். முட்டுக்காடு முகத்துவாரம் திறந்திருந்தால் இன்னும் இரண்டு நாள். காதில் சீழ், வயிற்றுப்போக்கு, மிதந்து வரும் மரக்கட்டை, எல்லாம் சேர்ந்தே வரும்.

நீந்தத் தெரியாது. கற்றுக்கொள்ளலாமா?

முதலில் நீச்சல். நிற்காமல் 200 மீட்டர், பிறகு கால் படாத நீரில் பத்து நிமிடம் மிதப்பது. அதன் பிறகு வாருங்கள்.

பயிற்சிப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது எதைக் கேட்க வேண்டும்?

கோவளம், மாமல்லபுரம் இரண்டிலும் பள்ளிகள் இருக்கின்றன, பயிற்சியாளர்களில் பலர் அந்தந்தக் குப்பத்துப் பிள்ளைகள். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். நான்குக்கு மேல் என்றால் யோசியுங்கள். உயிர்காப்புப் பயிற்சிச் சான்று காட்டச் சொல்லுங்கள். கடல் மோசமாக இருந்தால் வகுப்பை மாற்றித் தருவார்களா, பணம் போனதுதானா என்றும் கேளுங்கள். இதற்கு வரும் பதில் அந்த இடத்தைப் பற்றி நிறையச் சொல்லிவிடும்: ரத்து செய்யத் தயங்குகிறவர் உங்களைத் தவறான நாளில் இறக்குவார்.

போர்டு பாறையில் இடித்துவிட்டது. படகு ரிப்பேர் செய்பவரிடம் கொடுக்கலாமா?

போர்டின் உள்ளே என்ன ஃபோம் என்று தெரிந்த பிறகு. பாலியூரத்தேன் ஃபோம் என்றால் தாராளமாகக் கொடுக்கலாம், குப்பத்தில் ஃபைபர் படகுக்குப் பூசும் பாலியெஸ்டர் ரெசினே அதற்கும். எப்பாக்ஸி போர்டு என்று விற்கப்படுவதன் உள்ளே பெரும்பாலும் தெர்மாகோல் வகை ஃபோம் இருக்கும். அதன்மேல் பாலியெஸ்டர் ரெசின் பட்டால் ஃபோம் கண்ணெதிரே கரைந்து குழி விழும். அதற்கு எப்பாக்ஸி ரெசின் மட்டுமே.

விரிசல் விட்டதும் நீரை விட்டு வெளியே வாருங்கள், ஃபோம் நீரை உறிஞ்சும். நன்னீரில் உப்பைக் கழுவி, விரிசல் கீழ்நோக்கி இருக்குமாறு சாய்த்து, நிழலில் இரண்டு மூன்று நாள் வடிய விடுங்கள். ஈரத்தின் மேல் ஒட்டினால் வெயிலில் குமிழ் விடும். சுற்றிலும் இரண்டு அங்குலத்துக்கு வாக்ஸைச் சுரண்டி, 80 எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, பள்ளத்தை நிரப்பி, கண்ணாடியிழைத் துணியை விரிசலைவிட ஓர் அங்குலம் பெரிதாக வெட்டி வைத்து ரெசின் ஊற்றுங்கள். காய்ந்ததும் 220, பிறகு 400 எண் தாள். பாலியெஸ்டருக்கு ஹார்டனர் 1 முதல் 2 சதவீதம். சென்னை வெயிலில் 1 போதும், அதிகமானால் டப்பாவிலேயே புகைந்து கெட்டியாகும். படகுக்காரர்கள் வைத்திருக்கும் கோபால்ட் திரவத்தையும் ஹார்டனரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் கலக்கி, அதன் பிறகே ஹார்டனர்.

ரிப்பேர் ஆன போர்டைக் காரின் மேல் கட்டிக்கொண்டு வந்து மதியம் ஈசிஆர் ஓட்டல் வாசலில் வெயிலில் நிறுத்தாதீர்கள். வாக்ஸ் உருகி வழிவது சின்ன விஷயம். உள்ளே காற்று விரிந்து, மேல்தோல் ஃபோமைவிட்டுப் பிரிந்துவிடும், அதை ரிப்பேர் செய்வது எளிதல்ல.